பால்வாடியா, எல்.கே.ஜி.யா?

எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கு அரசு வைத்திருக்கும் வழி இரண்டு. ஒன்று, தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள பால்வாடி. பலகையில் அங்கன்வாடி மையம் என்றுதான் இருக்கிறது, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இன்னொன்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளி நடுநிலைப் பள்ளியில் நடக்கும் எல்.கே.ஜி. மகளுக்காக இரண்டிலும் சில காலைகள் உட்கார்ந்து பார்த்தேன்.

எல்.கே.ஜி. 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் தொடங்கிய திட்டம். 2022-ல் அதைப் பள்ளியிலிருந்து எடுக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் விட்டுவிட்டார்கள். பிறகு மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். அந்தச் சம்பளத்துக்கு நல்ல டீச்சர் எத்தனை நாள் தங்குவார்? நான் பார்த்த டீச்சர் அக்கறையானவர், வகுப்பை விட்டு நகரவே இல்லை. ஆனால் பென்சில் பிடிக்கவே வராத பிஞ்சு விரல்கள் ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதிக்கொண்டிருந்தன. பெற்றோர் நோட்டைத்தான் கேட்கிறார்களாம். போக வர ஆட்டோ செலவு வேறு.

பால்வாடியில் நோட்டே கிடையாது. புளியங்கொட்டையை ஐந்தைந்தாகக் கூட்டி வைக்கச் சொன்னார் டீச்சர். என் மகள் மூன்றாவது குவியலுக்கு வந்தபோது, கைக்குழந்தைக்கு எடை போட ஒரு அம்மா வந்தார். எடை போட்டு, செல்போனில் பதிந்து, சத்துமாவு கொடுத்து அனுப்புவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. ஆயாம்மா அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். வாரம் மூன்று நாள் முட்டை உண்டு, அது பெரிய விஷயம். கொட்டைகள் அதற்குள் திண்ணையெல்லாம் சிதறியிருந்தன.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்து, பாதி மையங்களில் கூடுதலாக ஒரு அரைநேரப் பணியாளரை வைத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் குறைந்தார்கள்! டீச்சரின் கை பிள்ளைகளுக்கென்று ஒழிந்தால் பால்வாடியே போதும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மகளைப் பால்வாடியிலேயே சேர்த்துவிட்டேன். இன்னொரு பணியாளர் வேண்டும் என்று மனு எழுதி, பதினோரு அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். மே 1 கிராம சபையில் கொடுக்கப் போகிறோம்.