பஜ்ஜியைப் பற்றி விசாரித்த உணவு ஆலோசனை நிலையம்

ஆறு மாதத்துக்கு 3,600 ரூபாய் என்றதும் என் மனைவி தயங்கினாள். அதே பணத்துக்கு, 21 நாளில் உடம்பை மாற்றித் தருவதாகச் சொல்லி பொடியை வீட்டுக்கே அனுப்புகிறவர்கள் திருச்சியில் இருக்கிறார்கள். தில்லைநகரில் இருக்கும் இந்தச் சிறிய நிலையத்தில் பொடியும் இல்லை, மாத்திரையும் இல்லை. மாதம் இரண்டு முறை முக்கால் மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்கு இந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் (HbA1c) 6.3 சதவீதம் என்று வந்தது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர். இந்தக் கட்டத்தில் உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்ததாக 2006-இல் வெளியான இந்திய ஆய்வு சொல்கிறது. எதைச் சாப்பிட வேண்டும் என்பது தெரியாதவர் இன்று யார்? தெரிந்தும் கை ஏன் அங்கேயே போகிறது என்பதற்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

ஆலோசகர் எடை பார்த்துக் குறித்துக்கொண்டதோடு சரி. பிறகு கேட்டதெல்லாம் பஜ்ஜியைப் பற்றி. "எத்தனை மணிக்கு சார்? பக்கத்தில் யார் இருப்பார்கள்? அதற்கு முந்தைய நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

மாலையில் நோட்டுகளை எண்ணிக் கட்டி, பேரேட்டோடு ஒப்பிட்டு, ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு நேரானதும் தெருமுனைக் கடையிலிருந்து டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வரும். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பிரிக்கும்போதே தோள் தளரும். மதியச் சாப்பாடே அப்போது செரித்திருக்காது. நாள் முழுவதும் பிறர் பணத்தை எண்ணிய பதற்றம் தீரத்தான் அந்த பஜ்ஜி.

"அந்த நேரத்தை விடாதீர்கள், நண்பர்களையும் விடாதீர்கள். கையில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள்" என்றார். கணக்கு நேரானதும் சுண்டல் டப்பாவைத் திறக்க வேண்டும். டீ அதே டீ, சர்க்கரை மட்டும் பாதி. இப்போது வங்கிக் காவலாளி அண்ணனும் என் டப்பாவில் பங்கு கேட்கிறார். கூடுதலாகவே எடுத்துப் போகிறேன்.

சுண்டலுக்குக் கடலை ஊற வேண்டுமே. அதை மனைவியின் பொறுப்பில் விடக் கூடாது என்பதில் ஆலோசகர் உறுதியாக இருந்தார். சாப்பிடுகிறவர்தான் ஊறவைக்க வேண்டுமாம். இரவில் நான் தவறாமல் செய்யும் வேலை எது என்று கேட்டார். வாசல் கதவைப் பூட்டுவது என்றேன். "சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே கடலைக் கிண்ணத்தை வைத்துவிடுங்கள்" என்றார். எத்தனையோ அறிவுரைகள் செய்யாததை அந்தக் கிண்ணம் செய்தது.

21 நாளில் புதுப் பழக்கம் படிந்துவிடும் என்ற கணக்கை அவர் ஏற்பதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரங்கள் கவனித்ததில், புதுப் பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடும் என்று, 12 வாரத் தரவை வைத்துக் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு மிகவும் உதவியது இந்தக் கடைசிச் செய்திதான். மைத்துனர் மகள் திருமணத்தில் பாயசமும் ஜாங்கிரியும் நிறைவாகச் சாப்பிட்டேன். "இன்றோடு கெட்டது, இனி என்ன" என்ற நினைப்புக்குத்தான் பயப்பட வேண்டும், அடுத்த வேளையே வழக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். திரும்பினேன்.

கையில் கொடுக்கும் அச்சிட்ட அட்டவணை எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஓட்ஸ், இரவில் சாலட் என்று யார் வீட்டுக்கோ எழுதியிருக்கிறார்கள். கம்பங்கூழும் கீரைக்கூட்டும் அதில் ஏன் இல்லை? ஆலோசகரின் பேச்சில் இருக்கும் நுணுக்கம் அந்தத் தாளுக்கும் வர வேண்டும். நினைவூட்டும் தொலைபேசி அழைப்பு காலை 11 மணிக்கு, கவுண்டரில் வரிசை நிற்கும்போது வருகிறது. சொல்லியும் நேரத்தை மாற்றவில்லை.

ஆறு மாத முடிவில் அதே பரிசோதனையில் சர்க்கரை 5.9. எடை அதிகம் இறங்கவில்லை. வேகமாக மெலிய நினைப்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. போகிறவர்கள் வீட்டில் சமைப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள், அவருக்குத் தனிக் கட்டணம் இல்லை. சனிக்கிழமை கூட்டம் அதிகம். வார நாட்களில் மாலை 6 மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசலாம்.