லங்கோலன் கால்வாயில் வாடகை நேரோபோட்: ஒரு வாரத்துக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். நேரோபோட் என்பது குறுகிய கால்வாய்களுக்கென்றே கட்டிய, உள்ளேயே சமைத்துத் தூங்கக்கூடிய ஒடுங்கிய நீளப் படகு. பிரிட்டன் கால்வாய்களில் முதல் முறையாகப் படகு ஓட்டப் போகிறவர்களுக்கு லங்கோலனைவிடத் தோதான கால்வாய் இல்லை. ஆனால் எந்த ஊர்த் துறையிலிருந்து கிளம்புகிறீர்கள், எத்தனை அடிப் படகு எடுக்கிறீர்கள் என்பதை வைத்து ஒரே பணத்துக்கு நிம்மதியான வாரமும் கிடைக்கலாம், இடுப்பு ஒடியும் வாரமும் கிடைக்கலாம். வாடகை நிறுவனங்களின் பக்கங்களில் இது தெளிவாக இருப்பதில்லை. படகின் உள் அலங்காரப் படங்கள்தான் நிறைய இருக்கும்.

முதலில் கால்வாயைப் பார்ப்போம். செஷயரில் நான்ட்விச் அருகே ஹர்ல்ஸ்டன் சந்திப்பில் தொடங்கி, ஷ்ராப்ஷயர் வழியாக வேல்ஸுக்குள் ஏறி, லங்கோலன் ஊரைத் தாண்டி டீ ஆற்றில் இருக்கும் ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் அணைக்கட்டு வரை 46 மைல். மொத்தம் 21 நீர்ப்பூட்டுகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும், இருபக்கமும் கதவு வைத்த தொட்டிகள். அங்கே லாக் என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். இந்த 21-ம் சமமாகப் பரவியிருக்கவில்லை என்பதுதான் விஷயம். ஹர்ல்ஸ்டனுக்கும் கிரின்ட்லி புரூக்குக்கும் இடைப்பட்ட சுமார் 13 மைலுக்குள்ளேயே 19 லாக் வந்துவிடும். அதன் பிறகு நியூ மார்ட்டன் வரை சுமார் 20 மைலுக்கு ஒன்றுகூட இல்லை. நியூ மார்ட்டனில் இரண்டு, அத்தோடு சரி.

ஆகவே விட்சர்ச் அல்லது எல்ஸ்மியர் பக்கத்துத் துறையில் படகு எடுத்தால், லங்கோலன் போய்த் திரும்ப மொத்தம் நான்கே முறைதான் லாக் வேலை. சர்க், ட்ரெவர் பக்கம் எடுத்தால் லாக்கே இல்லாமல் லங்கோலன் போய் வரலாம். வெள்ளி முதல் திங்கள் வரையான மூன்று இரவுப் பயணத்துக்கு இதுதான் சரி. முழு வாரம் எடுக்கிறவர்களுக்கு விட்சர்ச். லாக் பழக வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரு நாளை ஒதுக்கி கிரின்ட்லி புரூக் இறங்கி ஏறலாம். ஹர்ல்ஸ்டன் பக்கமிருந்து கிளம்பி ஒரே வாரத்தில் லங்கோலன் போய்த் திரும்புவதும் முடியும். ஆனால் நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

நாள் கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மைலை ஓர் அலகாகவும் ஒரு லாக்கை இன்னோர் அலகாகவும் எண்ணிக் கூட்டி, மூன்றால் வகுத்தால் மணிக்கணக்கு வரும். சட்டப்படி உச்ச வேகம் மணிக்கு 4 மைல். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினைக் குறைந்தபட்ச ஓட்டத்துக்கு இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் இழுப்பில் அவர்கள் படகைக் கட்டியிருக்கும் முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். லங்கோலனில் மட்டும் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கால்வாய் டீ ஆற்றுத் தண்ணீரை ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகிறது, அதனால் இதில் நீரோட்டம் உண்டு. வேல்ஸ் நோக்கிப் போகும்போது எதிரோட்டம். போவதற்கு ஆகும் நேரம் திரும்புவதற்கு ஆகாது. நாட்களைச் சரிபாதியாகப் பிரித்துத் திட்டம் போட்டால் கடைசி நாளில் நேரம் மிஞ்சும்.

படகின் நீளத்துக்கு வருவோம். நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். லாக்கின் அகலம் சுமார் 7 அடி, நீளம் சுமார் 72 அடி. அகலத்தில் நமக்குத் தேர்வு இல்லை, நீளத்தில்தான் உண்டு. இரண்டு பேருக்கு 45 அடி, நான்கு பேருக்கு 57 அடிக்குள் எடுங்கள். காரணம் இரண்டு. நீளப் படகைத் திருப்ப, கால்வாய் அகலமாக வெட்டப்பட்ட திருப்புமிடம் தேவை. நீளம் கூடக்கூட அப்படிப்பட்ட இடங்கள் குறைந்துகொண்டே போகும். இன்னொரு காரணம் லாக்குக்குள் கிடைக்கும் இடைவெளி. அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, கீழே வருகிறேன்.

விளம்பரத்தில் போடும் படுக்கைக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 'ஆறு பேர்' என்றால் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை போட்டால் வரும் படுக்கையையும் சேர்த்த எண்ணிக்கை. தினமும் இரவு பிரித்துப் போட்டு, காலையில் மடித்தால்தான் காபி குடிக்க இடம் கிடைக்கும். இருவர் படுக்கை என்று சொல்வதும் பல படகுகளில் 4 அடி அகலம்தான். எழுதியிருக்கும் எண்ணிக்கையில் இரண்டு பேரைக் கழித்துப் பதிவு செய்தால் எல்லோரும் தூங்கலாம். மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருவது. முடி உலர்த்தி, மின்கெட்டில் எதையும் கொண்டு போகாதீர்கள். சமையல் கேஸ் அடுப்பில்தான். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டே படகை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. படகை ஒப்படைக்கும் நாளில் சொல்லித்தருவார்கள், அதுதான் மொத்தப் பயிற்சியும். நிறுவனங்களுக்கு இடையே உண்மையான தர வித்தியாசம் தெரிவதும் இங்கேதான். பிற்பகல் ஒப்படைப்பில் வரிசையாகப் பல குடும்பங்கள் காத்திருக்கும்போது, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கும் இடங்கள் உண்டு. ஒரு மணி நேரம் ஒதுக்கி, கூடவே படகில் வந்து, முதல் பாலத்தையோ முதல் லாக்கையோ தாண்டவைத்துவிட்டு இறங்குகிற இடங்களும் உண்டு. பதிவு செய்யும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: எங்களோடு படகில் யாராவது வருவார்களா? எவ்வளவு தூரம்? டீசல் வாடகைக்குள் அடங்குமா, தனிக் கணக்கா என்பதையும், சேதத்துக்குக் கட்டும் பணம் திரும்பி வரும் முன்பணமா, திரும்பாத கட்டணமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வாடகையில் மலிவாகத் தெரிந்த படகு, இவற்றைச் சேர்த்ததும் விலையேறிவிடும்.

ஓட்டுவதில் முதல் மணி நேரம்தான் குழப்பம். சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். முன்முனை மட்டும் திரும்பாது. படகு தன் நடுவை அச்சாக வைத்துச் சுழலும், நீங்கள் நிற்கும் பின்பக்கம் எதிர்த்திசையில் வீசும். பாலத்துக்குள் முன்முனை நுழைந்துவிட்டது என்று சட்டென்று திருப்பினால் பின்பக்கம் கல்லில் இடிக்கும். பின்னோக்கி ஓட்டும்போது சுக்கான் வேலையே செய்யாது. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். மற்ற நேரமெல்லாம் நடுவிலேயே போங்கள். கால்வாயின் அடி தாம்பாளம் போல ஓரங்களில் ஆழம் குறைந்து இருக்கும். தரை தட்டினால் முன்னோக்கி முடுக்க வேண்டாம், இன்னும் ஆழப் புதையும். மெல்லப் பின்னோக்கி எடுத்து, ஆட்களை ஆழமான பக்கம் நகரச் சொல்லி, கழியால் தள்ளுங்கள்.

இனி லாக். மேலே ஏறும்போது தொட்டி காலியாக இருக்க வேண்டும். நிரம்பியிருந்தால், எதிர்ப்பக்கம் படகு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அவர்களுக்கு விடுங்கள், ஒரு தொட்டித் தண்ணீர் மிச்சம். ஒவ்வொரு முறையும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் இறங்குகிறது. உள்ளே நுழைந்து, கீழ்க் கதவுகளைச் சாத்தி, கீழ் மதகுப் பலகைகளை முழுக்க இறக்குங்கள். இந்த மதகுப் பலகையைத்தான் பேடில் என்கிறார்கள். வின்ட்லாஸ் என்ற சுழற்றுக் கைப்பிடியைச் செருகி, மேல்பக்கத்துத் தரைப் பேடிலை, அதாவது கதவில் இல்லாமல் கரையில் இருப்பதை, முதலில் பாதி திறங்கள். படகு நிலைப்பட்டதும் முழுக்கத் திறக்கலாம். கதவிலேயே பொருத்திய பேடில் இருந்தால், அதன் துளை தண்ணீருக்குள் மூழ்கும் வரை தொடக்கூடாது. முன்பே திறந்தால் தண்ணீர் நேராகப் படகின் முன்தளத்தில் கொட்டும். ஃபென்டர்கள் என்ற மோதல் தாங்கிகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் முன்பே தூக்கிவிடுங்கள். 7 அடி அகலத்தில் அவையே படகைச் சிக்கவைத்துவிடும்.

நீர்மட்டம் சமமானால் கதவு உடம்பால் சாய்ந்து தள்ளினாலே நகரும். நகரவில்லை என்றால் நான்கு பேர் சேர்ந்து தள்ளாதீர்கள். மறுமுனையில் ஏதோ ஒரு பேடில் கொஞ்சம் திறந்திருக்கிறது என்று அர்த்தம், போய்ப் பாருங்கள். பேடிலை இறக்கும்போது பற்சக்கரத் தடையை விலக்கிவிட்டு, கையால் சுழற்றித்தான் இறக்க வேண்டும். வின்ட்லாஸைத் தண்டிலேயே விட்டுவிட்டு நகர்ந்தால், தடை நழுவும் நொடியில் அது விசிறி போலச் சுழலும். மணிக்கட்டு முறியும்.

இறங்கும்போதுதான் பெரிய ஆபத்து. மேல் கதவுக்கு அடியில், வாசற்படி போல ஒரு கல் திட்டு தொட்டிக்குள் நீண்டிருக்கும். அதன் பெயர் சில். நிரம்பிய லாக்கில் கண்ணுக்குத் தெரியாது, பக்கச்சுவரில் வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். படகின் பின்முனை, சுக்கானும் சேர்த்து, அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்கச் சுக்கான் சில்லின் மேல் உட்கார்ந்துவிட்டால், பின்பக்கம் தொங்கி, முன்பக்கம் இறங்கி, சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். 57 அடிப் படகுக்கு 72 அடித் தொட்டியில் 15 அடி இடைவெளி கிடைக்கிறது. 70 அடிப் படகுக்கு இரண்டே அடி. சிக்கியது தெரிந்தால் செய்ய வேண்டியது: கீழ்ப் பேடில்களை உடனே மூடுங்கள், பிறகு மேல் பேடிலை மெதுவாகத் திறந்து மறுபடி நிரப்புங்கள். வரிசை மாறக்கூடாது. சுக்கானைப் பிடித்திருப்பவர் பார்வையில் படாத இடத்தில் பேடில்காரர் நிற்கவே கூடாது. தண்ணீர் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது, கை சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

லாக்கின் கீழ் வாயிலில் லங்கோலனில் கவனிக்க வேண்டிய தொல்லை ஒன்று: மிகுதித் தண்ணீர் பக்க வாய்க்கால் வழியாக வேகமாக வந்து கலக்கும் இடத்தில் படகின் முன்முனையைக் குறுக்கே தள்ளும். தயங்கித் தயங்கி நுழைந்தால் சுவரில் மோதுவீர்கள். சற்று வேகம் கொடுத்து, தள்ளும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் முன்கூட்டியே திருப்பி வையுங்கள்.

கிரின்ட்லி புரூக்கில் மூன்று தனி லாக், அடுத்து படிக்கட்டு போல ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று. ஒட்டிய லாக்குகளில் ஏறும் முன் கீழ்த் தொட்டி காலியாகவும் மற்றவை நிரம்பியும் இருக்க வேண்டும். இறங்கும் முன் மேல் தொட்டி நிரம்பியும் மற்றவை காலியாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் கரை மீறும், அல்லது படகு தரையில் உட்காரும். பருவகாலத்தில் லாக் காவலர்கள் இருப்பார்கள், அவர்களைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். ஆகஸ்டில் இங்கே வரிசையில் மணிக்கணக்கில் நிற்க நேரும். பள்ளி விடுமுறையைத் தவிர்க்க முடிந்தால் மே, ஜூன், செப்டம்பர் எல்லா வகையிலும் மேல். வாடகையும் குறையும். நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காக ஆங்காங்கே கால்வாயை அடைப்பார்கள்.

இவ்வளவு சிரமத்துக்கும் கைமேல் பலன், பொன்ட்கசுல்த்தே நீர்ப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805-ல் திறந்தது. டீ பள்ளத்தாக்குக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு வார்ப்பிரும்புத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது. 2009 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஒருபக்கம் நடைபாதையும் கம்பி வேலியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், வேலி கிடையாது. நடைபாதை தண்ணீருக்கு மேலேயே தாங்கி நிற்பதால், படகு தள்ளும் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து பின்னால் போய்விடுகிறது. டெல்ஃபோர்ட் காலத்து இந்த யோசனை இல்லாமல் போயிருந்தால் இவ்வளவு குறுகிய தொட்டியில் படகு திணறியிருக்கும். குழந்தைகளை உள்ளே உட்காரவையுங்கள். எதிர்முனையில் படகு ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டே நுழையுங்கள், இரண்டு படகுக்கு இடமில்லை. சர்க் சுரங்கத்துக்கும் இதே விதிதான், முன்விளக்கைப் போட்டுக்கொண்டு. ட்ரெவரிலிருந்து லங்கோலன் வரை பாறையில் வெட்டிய குறுகல்கள் இருக்கின்றன. ஒருவரை இறக்கி முன்னே நடக்கவிட்டு, வழி காலியா என்று கேட்டபிறகு போங்கள். லங்கோலன் ஊருக்கு அப்பால் எஞ்சின் படகுகளுக்கு அனுமதி இல்லை, குதிரை இழுக்கும் படகு மட்டும்தான்.

அன்றாட வேலைகள்: காலையில் எஞ்சின் எண்ணெய் அளவு பாருங்கள், புரொப்பெல்லர் தண்டின் கிரீஸ் திருகை நிறுவனம் சொன்ன அளவு திருப்புங்கள். தண்ணீர்த் தொட்டியைத் தினமும் நிரப்பிவிடுவது நல்லது. கட்டும்போது இரும்புத் தகட்டுக் கரை என்றால் கொக்கி, மண் கரை என்றால் முளை. முளையைப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். முன்னும் பின்னும் கயிறு போதும். கூரை நடுவிலுள்ள கயிற்றால் இரவு முழுக்கக் கட்டினால், ஒவ்வொரு படகு கடக்கும்போதும் நம் படகு சாய்ந்து ஆடும். இரவு எட்டுக்கு மேல் காலை எட்டு வரை, பிற படகுகள் அருகில் இருந்தால் எஞ்சினை ஓட்டக்கூடாது.

வேகம் திடீரென்று குறைந்து, எஞ்சின் முனகி, கரும்புகை வந்தால் புரொப்பெல்லரில் துணியோ கயிறோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கும். படகைக் கரையில் கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்தளத்தின் கீழுள்ள சிறு மூடியைத் திறந்து கையால் எடுக்க வேண்டும். கம்பி வெட்டியும் தடித்த கையுறையும் படகில் இருக்கிறதா என்று ஒப்படைப்பின்போதே பாருங்கள். முடித்தபின் அந்த மூடியை இறுக்கிப் பூட்டியதைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும். தளர்வாக விட்டால் புரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே இறைத்துப் படகை மூழ்கடித்துவிடும்.

திருப்பித் தருவது பெரும்பாலும் காலை ஒன்பது மணி. முந்தின மாலை துறைக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வந்து கட்டிவிடுங்கள்.