கேம்பர் வண்டிக்கு வெளியே வயர் இழுத்தால் ஒழுகுமா? நீண்டநாள் அனுபவம்

படுத்துத் தங்கிப் பயணம் போகும் என் கேம்பர் வண்டியின் கூரையில் சோலார் பேனல், பின்சுவரில் கேமரா. இரண்டுக்கும் வெளிப்பக்கமாகவே வயர் இழுத்துப் பல மழைக்காலங்கள் போய்விட்டன. உள்ளே ஈரமே இல்லை. துளையைச் சுற்றி எந்த சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) போட்டாய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வயரை எந்த வழியில் கொண்டுபோனாய் என்று யாரும் கேட்பதில்லை. பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வரும். அதனால் கேமரா வயரைத் துளைக்குக் கீழே ஒரு வளைவாக இறக்கி, பிறகு மேலே ஏற்றி உள்ளே விட்டேன். வரும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். ஒருமுறை அங்கே சீலன்ட் ஓரம் வெடித்திருந்தது. அப்போதும் உள்பலகை காய்ந்தே இருந்தது.

கூரையில் அப்படித் தொங்கவிட இடமில்லை. கேபிள் நுழைவதற்கென்றே விற்கும் பெட்டியை, வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்க ஒட்டினேன். ஓடும்போது மழை நேராக அறையாது. அதிலுள்ள கிளாண்டின் (வயர் நுழையும் இடத்தில் அதைச் சுற்றி இறுக்கும் திருகுமூடி) ரப்பர் உருண்டைக் கேபிளைத்தான் சரியாக இறுக்கும். தட்டை வயரையோ, ஒரே கிளாண்டில் இரண்டு வயரையோ திணித்தால் இடுக்கு விழும். மேலே ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரக்குறி) என்று அச்சடித்திருப்பதெல்லாம் அப்போது வெறும் எழுத்து.

இன்னொரு திருட்டு வழியும் உண்டு. வீட்டுக்குப் போடும் சாதா பிவிசி வயர் வெயிலில் வெடித்தால், தண்ணீர் செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து கிளாண்டைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வெளியில் எந்தக் கசிவும் தெரியாது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சோலார் கேபிள்தான் சரி.

இனி சீலன்ட். சிலிக்கான் வகை மட்டும் வேண்டவே வேண்டாம். அதை உரித்த இடத்தில் அடுத்து எதுவும் ஒழுங்காக ஒட்டாது. என் தகரக் கூரைக்கு பாலியூரித்தேன். துளை ஓரத்தில் துரு தடுக்கும் பிரைமர் அவசியம். துரு அடியிலிருந்து சீலன்ட்டைத் தூக்கிவிடும். ஈபிடிஎம் ரப்பர் கூரை என்றால் அதற்கென்று விற்கும், தானாகப் பரவும் சீலன்ட். துடைக்கப் பெட்ரோலியக் கரைப்பான் கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

மழைக்காலத்துக்கு முன் சீலன்ட் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன். தூக்கினால் பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது. மேலேயே பூசினால் தண்ணீர் அடியில் சிக்கிக்கொள்ளும்.