கார்டு பிளேடு என்று விற்ற டப்பாவுக்குள் வெறும் பிளேடு: வீட்டில் நோயாளிக்குச் சவரம் செய்பவர்கள் கவனிக்கவும்

சவரக்கத்திக்கு கார்டு (guard, கூர்விளிம்பில் தோலைக் காக்கும் தடுப்பு) வைத்த பிளேடை ஆன்லைனில் வாங்கி வைத்திருப்பவர்கள், டப்பாவில் மிச்சம் இருக்கும் பிளேடுகளை இன்றைக்கே வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வயதானவருக்கோ படுக்கையில் இருப்பவருக்கோ அதை வைத்துச் சவரம் செய்கிறீர்கள் என்றால், பார்க்காமல் அடுத்த சவரத்துக்குப் போகாதீர்கள்.

எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலக்ட்ரிக் ஷேவர்தான் நல்லது என்று டாக்டர் சொன்னார். வாங்கினோம். ஆனால் கன்னத்து மடிப்புக்குள் படுத்துக் கிடக்கும் முடியை அது எடுக்காமல் பிடித்து இழுத்தது. அப்பாவால் வாய்விட்டுச் சொல்ல முடியாது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவருக்குப் பல வருடமாக முடி வெட்டிவிடும் சலூன் அண்ணன் வீட்டுக்கே வந்து சவரம் செய்கிறேன் என்றார். ஆனால் நம் சலூன்களில் வழக்கமாகப் போடுவது பாதியாக உடைத்த பிளேடு. 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், அதன் விளிம்பை மறைக்க எதுவும் கிடையாது. அதை அப்பா முகத்தில் வைக்க அவருக்கே மனம் வரவில்லை.

விசாரித்தபோது தெரிந்ததுதான் கார்டு பிளேடு. ஜப்பானில் ஃபெதர் (Feather), கை (Kai) போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. இது சாதாரண இருபக்க பிளேடு இல்லை. ஒரு பக்கம் மட்டும் கூரானது, சற்றுத் தடியானது, இதற்கென்றே உள்ள சவரக்கத்தியில்தான் பொருந்தும். பாதி பிளேடு போடும் கத்தியில் இது நிற்காது. கூர்விளிம்பு நெடுக இடைவெளி விட்டுச் சின்னச் சின்னத் தடுப்புகள் இருக்கும். தடுப்பு தோலைத் தாங்கிக்கொள்ள, நடுவில் இருக்கும் கூர் முடியை மட்டும் எடுக்கும். கத்தி பக்கவாட்டில் கொஞ்சம் நழுவினாலும் நீளமாகக் கீறாது. அதற்காக வெட்டே விழாது என்று அர்த்தமில்லை, கோணம் தப்பினால் விழும்தான். ஆனால் தளர்ந்த தோலுக்கும், தலையைத் திடீரென்று திருப்பிவிடும் நோயாளிக்கும் இந்தத் தடுப்பு பெரிய உதவி.

கத்தியை முன்பே ஒரு நல்ல கடையில் வாங்கிவிட்டோம். பிளேடு தீர்ந்ததும் ஒரு ஆன்லைன் தளத்தில் ஆர்டர் போட்டேன். விலை மற்ற இடங்களைவிட ஒன்றும் குறைவில்லை. அட்டைப்பெட்டி சீலோடுதான் வந்தது. முதலில் வந்த பிளேடுகள் சரியாகவே இருந்தன. அண்ணன் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத்தான் போட்டார், தடுப்பு இருந்தது. அப்படியே வாரங்கள் போயின. பொருளைத் திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது.

இந்த பிளேடைக் கையால் எடுத்துப் போட வேண்டியதில்லை. கத்தியின் வாயை டப்பாவில் வைத்து மேலே இருக்கும் பொத்தானைத் தள்ளினால் பிளேடு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். விரல் வெட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அன்றைக்கும் அப்படித்தான் போட்டார். நுரை பூசிய முகத்தில் முதல் இழுப்பிலேயே தாடை ஓரம் பிளந்துகொண்டது. "தம்பி, இதுல தடுப்பே இல்லப்பா" என்று அண்ணன் கத்தியதுதான் எனக்கு முதலில் கேட்டது. படிகாரம் வைத்தோம், நிற்கவில்லை. துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் கிளினிக்குக்கு ஓடினோம். ரத்தம் நிற்கவே அரை மணிக்கு மேல் ஆனது. தையல் போட்டார்கள்.

அண்ணன்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் இல்லை. கார்டு பிளேடு என்றால் கை அதற்கேற்றபடி இயங்கும். தோலை இழுத்துப் பிடிப்பது, அழுத்தம், கோணம் எல்லாமே மாறும். அதே கையில் சொல்லாமல் கொள்ளாமல் வெறும் பிளேடைத் திணித்தால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வெட்டு விழத்தான் செய்யும். தடுப்பு இல்லாத பிளேடு என்று தெரிந்திருந்தால் அவர் எவ்வளவு மெதுவாகப் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். விற்றவன் கெடுத்தது அதைத்தான்.

அன்று இரவு மீதியை வெளியே தள்ளிப் பார்த்தேன். எல்லாமே வெறும் பிளேடு. சிலவற்றில் நிறுவன முத்திரையே இல்லை, சிலவற்றின் விளிம்பில் துருப்புள்ளி. டப்பாவின் ஓரத்தில் பிரித்து ஒட்டிய பசைத் தடம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஃபெதரின் கார்டு பிளேடு ஒரு டப்பாவில் 15தான் வரும், தடுப்பு இல்லாதது 20 வரும். வெளி அட்டையில் 15 என்று அச்சிட்டிருந்தது, உள்ளே இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் 20. வெறும் பிளேடு டப்பாவைப் பிரித்து, மேலே மட்டும் கார்டு பிளேடை அடுக்கி, வேறு அட்டைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தவறுதலாக நடந்திருக்க வழியே இல்லை. துருப்பிடித்ததைப் பார்த்தால் அவை ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியதாக இருக்குமோ என்ற பயமும் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். டாக்டரிடம் சொல்லி அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டியதாயிற்று.

விற்பனையாளரிடமிருந்து வந்த பதில்: "சுகாதாரம் சார்ந்த பொருள், திறந்த பிறகு திரும்பப் பெற மாட்டோம், கெடுவும் முடிந்துவிட்டது." படம், வீடியோ, கிளினிக் சீட்டு எல்லாம் அனுப்பியும் இதே வரி. இதைக் கேட்டுவிட்டு யாரும் விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 என்று ஒன்று இருக்கிறது. போலியான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நான் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் மனிதர் ஒருவர் போனில் பேசினார். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிந்தேன்.

வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததில் இறக்குமதியாளர் பெயரே இல்லை. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். கெடு முடிவதற்குள் பிளேடுகளை ஒவ்வொன்றாகக் கத்தியில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் மேலே இருப்பது சரியாக இருப்பதால் அடியில் இருப்பதும் சரி என்று ஆகாது. நுரை போடுவதற்கு முன் விளிம்பை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் தடுப்பு இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும்.

பணம் திரும்பி வந்துவிட்டது. மருத்துவச் செலவுக்கும் போலிப் பொருள் விற்றதற்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அதே விற்பனையாளர் அதே படத்தைப் போட்டு இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் பில்லையும் பிளேடுகளையும் தூக்கிப் போடாமல் எனக்கு எழுதுங்கள். மனுவில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் புகார் இருந்தால் "தவறுதலாகப் போய்விட்டது" என்று அவர்கள் சொல்ல முடியாது.