தனியாள் துடுப்புப் படகில் வாட்டர்மேக்கர்: அட்லாண்டிக் பயன்பாட்டு அனுபவம்

கானரித் தீவுகளின் லா கொமேராவிலிருந்து கரீபியத் தீவான ஆன்டிகுவா வரை சுமார் 4,800 கி.மீ. தனியாளாகத் துடுப்புப் போட்டால் இரண்டு மாதம் பிடிக்கும். சமையலும் சேர்த்து நாளுக்கு 10 லிட்டர் என்றாலே 600 கிலோ தண்ணீர், சுமக்க வழியில்லை. தனியாளாக இதே கடலைக் கடந்த பிரிட்டிஷ் பெண் ரோஸ் சாவேஜுக்கு 2005–06 பயணத்தில் நான்கு துடுப்புகளும் உடைந்தன. ஒட்டுப்போட்டே 103 நாளில் கரை சேர்ந்தார். தண்ணீருக்கு அப்படி ஒட்டுப்போட முடியாது. அதற்குத்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியான வாட்டர்மேக்கர்.

சிறு படகுகளில் நெடுங்காலம் ஓடிய கட்டாடின் பவர்சர்வைவர் 40ஈ, 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுத்து மணிக்கு 5.7 லிட்டர் தரும். தினம் இரண்டு மணி நேரம் போதும். உச்சி வெயிலில் ஓட்டுங்கள், சோலார் பேனலே தாங்கிவிடும். ராத்திரியில் ஓட்டினால் பேட்டரி இறங்கி, பம்ப் தடுமாறும். வீட்டு ஆர்.ஓ. போலத்தான் வேலை, ஆனால் கடல்நீருக்குச் சுமார் 800 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும்.

பம்பைவிட அதிகம் படுத்துவது குழாய்க்குள் புகும் காற்று. படகு உருளும்போது அடியிலுள்ள உறிஞ்சு துளை நீருக்கு மேலே வந்துவிடும். பம்பின் சீரான ‘டக்… டக்…’ சட்டென்று இலேசாகும், குடிநீர்க் குழாயில் சொட்டு நிற்கும். அழுத்த வால்வைத் திறந்து, கழிவுக் குழாயில் குமிழி நிற்கும்வரை ஓட்டி, பிறகு மூடுங்கள். அலை அமைதியாக இருந்தும் குழாயில் காற்று வந்தால் ஃபில்டர் கிண்ணத்தின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பாருங்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவில் வெளியே ஒரு சொட்டும் வடியாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும். அதனாலேயே பலரும் பம்பைக் கழற்றி நேரத்தை வீணாக்குகிறார்கள். ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவி, ஹோஸுக்கு இரட்டைக் கிளிப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்தது.

30 மைக்ரான் முன்ஃபில்டரைச் சில நாளுக்கொரு முறை வாளிக் கடல்நீரில் அலசுங்கள். மாற்று ஃபில்டர் குறைந்தது மூன்று வேண்டும். கருவியைச் சும்மா விட்டால் உள்ளே தேங்கிய நீரில் கிருமி பெருகி அழுகிய முட்டை வாடை வரும். தேவை இல்லாத நாளிலும் ஓட்டுவதே நல்லது. முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டி.டி.எஸ். மீட்டர் 500க்குக் கீழே காட்டிய பிறகே கேனில் பிடியுங்கள்.

கருவி பழுதானால் உதவ, கையால் அடித்துக் குடிநீர் எடுக்கும் கைப்பம்பு கட்டாயம். ஆனால் மணிக்கு 0.9 லிட்டர் தரும் சின்ன ரகத்தை நம்பி இறங்காதீர்கள்: 10 லிட்டருக்குப் பதினோரு மணி நேரம் அடிக்க வேண்டும், அப்புறம் துடுப்பை யார் போடுவது? 4.5 லிட்டர் ரகம் கனம்தான், விலையும் அதிகம். இருந்தாலும் அதுதான் உருப்படி.

துறைமுகத்துக்குள் மட்டும் ஓட்டவே கூடாது. நீர்மேல் மிதக்கும் டீசல் படலம், உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனைக் கெடுத்துவிடும். குழாய்த் தண்ணீரின் குளோரினும் அப்படித்தான். ஆன்டிகுவாவில் கரையேறியதும் கருவியைக் கழுவ, கடைசி நாளில் கடலில் பிடித்த நல்ல தண்ணீரில் ஐந்தாறு லிட்டர் ஒதுக்கி வையுங்கள். பல நாள் ஓட்டாமல் வைப்பதானால், கழுவிய பிறகு பயோசைடு (கிருமிக்கொல்லி) கரைசலை ஏற்றி மூடிவிடுங்கள்.