கார் வீடியோவுக்கு சிபிஎல் ஃபில்டர்: எங்கே உதவும், எங்கே கழற்ற வேண்டும்

கார் வீடியோவில் கதை ஓட்டுபவரின் முகத்தில் இருக்கிறது. முன்கண்ணாடியில் வானம் பிரதிபலித்தால் அந்த முகமே தெரியாது. லென்ஸின் முன் மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் சிபிஎல் (சர்க்குலர் போலரைசர்) ஃபில்டர் கொடுத்த காசுக்கு உழைப்பது இங்கேதான். கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 டிகிரி சாய்வில் கேமராவை வைத்து, முகம் துலங்கும்வரை வளையத்தைத் திருப்புங்கள். 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). நொடிக்கு 24 ஃபிரேமில் ஷட்டரை 1/50 நொடியில் வைக்க வேண்டியிருப்பதால், வெளிச்சம் மிகும் வெயிலில் இது லாபம்தான்.

குறைகளும் உண்டு. வளைவில் கார் திரும்பியதும் கோணம் மாறி, பிரதிபலிப்பு மீண்டும் வந்துவிடும். நேர்ச்சாலை ஷாட்டுகளுக்கே நம்பலாம். டெம்பர்டு (வெப்பத்தால் கடினப்படுத்திய) பக்க ஜன்னல் கண்ணாடிகளில் புள்ளிபுள்ளியாகக் கறை போலத் தெரியும், எடிட்டிங்கில் போகாது. பெயின்ட்டின் பளபளப்பையும் மங்கவைக்கும் என்பதால், காரை முதன்முதலாகக் காட்டும் ஷாட்டுக்கு முன் கழற்றிவிடுங்கள்.