மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டப்படிப்பு: ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையத்தில் இயங்கும் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் நான்காண்டு வனவியல் இளநிலைப் படிப்பை நடத்துகிறது. கலந்தாய்வுக் காலம் வந்தாலே இதைப் பற்றிப் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: படித்து முடித்தால் ரேஞ்சர் (வனச்சரக அலுவலர்) ஆகிவிடலாமா? அந்த ஒரு கேள்வியை வைத்து எடை போட்டால், இந்தப் படிப்பின் பெரும்பகுதி கண்ணில் படாமலேயே போய்விடும்.

முதலில் இடம். கல்லூரி நீலகிரி அடிவாரத்தில், ஜக்கனாரி காப்புக்காட்டுக்கு அருகில் இருக்கிறது. அடிவாரத்தில் முட்புதர்க் காடு, மலைச்சாலையில் ஏறினால் இலையுதிர் காடு, உச்சிப் பகுதியில் சோலை எனப்படும் குளிர்மலைக் காடும் புல்வெளியும் என இத்தனை வகைகளையும் காலையில் புறப்பட்டு மாலைக்குள் பார்த்துத் திரும்பிவிடலாம். ஒரு காலத்தில் புல்வெளிகளில் வனத்துறை நட்டு வளர்த்த, புல்வெளியை ஆக்கிரமிக்கும் அயல்நாட்டு மரமான வாட்டிலை இன்று அதே துறை அகற்றி வருவதையும் அந்த மலையிலேயே காணலாம். மரம் நடுவதெல்லாம் காடு வளர்ப்பாகிவிடாது என்பதை மாணவர் கண்ணால் கண்டு கற்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது.

களப்பயிற்சியே இந்தப் படிப்பின் உயிர். மர அளவியலை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்றே அளக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே கவை பிரிந்திருந்தால் இரண்டு மரங்களாகக் கொள்ள வேண்டும். பட்டையில் படர்ந்த கொடியை விலக்காமல் நாடாவைச் சுற்றினால் கன அளவு தப்பும். அதை வைத்து விவசாயிக்குச் சொல்லும் விலையும் தப்பும்.

என் மதிப்பீட்டில் இக்கல்லூரியின் தனிப்பலம் வேளாண் காடு வளர்ப்பில், அதாவது விளைநிலங்களில் மரம் வளர்ப்பதில், இருக்கிறது. மரத்தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளைக் காட்டிலிருந்து எடுக்காமல் விவசாயிகளோடு இணைந்து பெற வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை வலியுறுத்தியது. அதற்கு நடைமுறை வடிவம் கொடுக்கும் முயற்சியில், நாற்று, சாகுபடி, அறுவடை, ஆலைக்கான விற்பனை ஆகியவற்றை ஒரே சங்கிலியாக இணைக்கும் ஒப்பந்த மரப்பண்ணைத் திட்டத்தை இக்கல்லூரி முன்னெடுத்தது. 2015இல் தொழில்சார் வேளாண் காடுகளுக்கான கூட்டமைப்பும் இங்கே உருவானது. சவுக்கிலும் மலைவேம்பிலும் தேர்ந்தெடுத்த மரங்களின் துண்டுகளிலிருந்து, தாய்மரத்தின் இயல்பை அப்படியே கொண்ட குளோன் கன்றுகளை உருவாக்கும் நாற்றங்கால் பணியை அருகிலிருந்து பழகும் வாய்ப்பு மாணவருக்குப் பெரும் பேறு.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ரேஞ்சர் பணிக்கு வழிவிடும் மாநில அரசின் வனத்தொழில் பழகுநர் தேர்வில் வனவியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை உண்டு என்றாலும், பணியிடங்கள் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவதில்லை. இந்திய வனப் பணித் தேர்விலோ பொறியியல் பட்டதாரிகளும் பிற அறிவியல் பட்டதாரிகளும் சரிசமமாகப் போட்டியிடலாம் என்பதால், நான்காண்டுகள் காட்டையே படித்தவருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. இதை நியாயமென்று என்னால் ஏற்க முடியவில்லை.

பாடத்திட்டத்தில் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இது இந்தக் கல்லூரிக்கு மட்டுமல்ல, நாடெங்கும் உள்ள வனவியல் படிப்புக்குப் பொருந்தும். காட்டை நம்பி வாழும் மக்களைப் பற்றிய படிப்பு இன்னும் ஆழமாக வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு வழங்கியுள்ள அதிகாரத்தை முழுமையாக உணராமல், நீலகிரிச் சரிவுகளில் வாழும் இருளர், குறும்பர் ஊர்களில் ஒரு வன அலுவலர் நேர்மையாகப் பணியாற்ற இயலாது. சட்டப்பாடத்தில் ஓர் அலகாக முடித்துவிடாமல், அந்த ஊர்களின் கிராம சபைகளில் அமர்ந்து கேட்பதைக் களப்பயிற்சியின் பகுதியாகவே ஆக்க வேண்டும்.

வெயிலில் நடக்கவும் மண்ணில் கைவைக்கவும் தயங்காத, உயிரியலில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சீருடைக்காக மட்டும் வருபவர்கள், விருப்பப் பட்டியலை நிரப்பும் முன் மீண்டும் ஒருமுறை யோசிக்கட்டும்.